தேஜோ நதிக்கரையிலே: லிஸ்பன் மாநகரில் மூன்று நாட்கள்

எம் நாட்டுப் பள்ளி மாணவர் வேறெந்த ஆண்டை மறந்தாலும் 1505 ஆம் ஆண்டை மறந்திரார். போர்த்துக்கேயர் இலங்கையின் கரையை அடைந்த ஆண்டு அது. வகுப்பறையிலே நாமும் பல்லாண்டுகளாக இவ்வினாவைக் கேட்டு வருகின்றோம். மாணவரும் தட்டாது விடை கூறி வருகின்றனர். ஆயின், "வந்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? அவர்கள் புறப்பட்ட ஊர் எப்படியிருக்கும்?" என்று ஒரு மாணவரேனும் எம்மைத் திருப்பிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நாம் விழித்திருப்போம் என்பதே உண்மை.

2023 ஆம் ஆண்டு ஆவணி விடுமுறையிலே பாரிஸ் மாநகரில் வாழும் எம் தமக்கையார் வீட்டிற்குச் சென்றிருந்தோம். தமக்கையாரின் மகன் அங்கேயே பிறந்து அங்கேயே பல்கலைக்கழகத்திற் பயிலும் இளைஞன். "மாமா, உங்களுக்குப் பிடித்த ஓர் ஊருக்கு மூன்று நாட்கள் போய் வருவோம், நீங்களே சொல்லுங்கள்" என்றான். உரோமாபுரி என்போம், அல்லது வியன்னா என்போம் என்று அவன் எதிர்பார்த்தான் போலும். நாம் லிஸ்பன் என்றோம். அதற்கு 1505 ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. அச்சேறிய தமிழின் முதல் நூலொன்று அந்நகரிலே உள்ளது. அதனைக் கண்ணாற் காணவேண்டும் என்ற ஆசை எமக்கு நெடுநாளாக இருந்து வந்தது. அதனைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

பாரிசிலிருந்து லிஸ்பனுக்கு விமானத்திற் சுமார் இரண்டரை மணி நேரம். ஐரோப்பாவின் மேற்கு விளிம்பிலே, தேஜோ என்னும் பேராறு அத்திலாந்திக் சமுத்திரத்தோடு கலக்கும் இடத்தின் வடகரையிலே, குன்றுகளின்மீது அமைந்த நகரம் அது. ஏழு குன்றுகள் என்பது மரபு. ஏறி இறங்கிய எம் கால்கள் எழுபது என்றன. ஆறு கடலை அணுகுமுன் ஏரி போல விரிந்து கிடக்கின்றது. அந்த அகன்ற நீர்ப்பரப்பை அவ்வூரார் வைக்கோற் கடல் என்று பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். மாலை வெயில் பட்டபோது அப்பெயரின் பொருத்தம் எமக்கு விளங்கிற்று.

வீட்டுச் சொற்கள் வீதியிலே

விடுதியிற் பெட்டியை வைத்துவிட்டு வெளியே வந்தோம். பசி மிகுந்திருந்தது. மூலையிலிருந்த வெதுப்பகத்திலே கிழவியொருத்தி எமக்கு முன்னே நின்று ஏதோ கேட்டாள். அவள் கேட்டதில் ஒரு சொல் எம் செவியிலே பளிச்சென்று விழுந்தது. மூக்கால் ஒலித்த அச்சொல், எம்மூர்ப் பெட்டிக்கடையிலே விடியற்காலையில் நாம் அன்றாடம் கேட்கும் 'பாண்' என்ற சொல்லே!

அதன்பின் மருமகனுக்கும் எமக்கும் இது ஒரு விளையாட்டாகி விட்டது. தளபாடக் கடையொன்றின் கண்ணாடிக்கு முன்னே நின்று அவன் ஒவ்வொன்றாகக் காட்ட, கடைக்காரர் சிரித்தபடி பெயர் கூறினார். நாற்காலியை அவர் 'கதெய்ரா' என்றார். நாம் கதிரை என்கின்றோம். மேசைக்கு மேசாவே. அலுமாரி, யன்னல், துவாய், லேஞ்சி, குசினி என ஒவ்வொன்றின் மூலச் சொல்லையும் அன்று கேட்டோம். சப்பாத்தைக் காட்டியபோது அவர் கூறிய சொல்லுக்கும் எம் பாட்டியார் கூறும் சொல்லுக்கும் அணுவளவு வேறுபாட்டையும் நாம் காணவில்லை. கடைப் பலகைகளிலோ சில்வா, பெரெய்ரா, பெர்னாண்டஸ் என்று கொழும்பு வீதியொன்றிற் காணத்தக்க பெயர்களே தொங்கின. எம்மவர் வீட்டிற் குசினி முதல் முன்விறாந்தை வரை பரவியுள்ள இச்சொற்கள் நானூறு ஆண்டுகளுக்கு முன்னர் கப்பலேறி வந்தவை. கொண்டு வந்தவர் போய்விட்டனர். கதிரையிலே நாம் அமர்ந்திருக்கின்றோம்.

நிலம் அசைந்த நாள்

நகரின் நடுப்பகுதி பாய்ஷா எனப்படும் தாழ்நிலம். இரு குன்றுகளுக்கிடையே ஆற்றங்கரை வரை சமதரையாய்ப் பரந்துள்ள இப்பகுதியின் வீதிகள், கணித ஆசிரியர் கோல் வைத்துக் கீறியவை போல நேர்நேராக ஓடி ஒன்றையொன்று செங்கோணத்தில் வெட்டுகின்றன. பொன் வீதி, வெள்ளி வீதி, செருப்புத் தைப்போர் வீதி எனத் தொழிலாற் பெயர் பெற்றவை பல. கட்டடங்களும் ஒரே உயரம், ஒரே முகம். சுற்றியுள்ள குன்றுகளிலோ வீதி என்பது வளைந்து நெளிந்து படியாக மாறிச் சுவரிலே முட்டி நிற்கும். இந்தத் தாழ்நிலத்திற்கு மட்டும் இத்தகைய ஒழுங்கு ஏன் வாய்த்தது?

1755 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதலாந் திகதி. கத்தோலிக்கர் சகல புனிதரையும் நினைந்து வழிபடும் பெருநாள் அது. காலை ஒன்பதரை மணியளவிலே கோயில்கள் தோறும் மக்கள் நிறைந்திருந்தனர். பீடங்களில் மெழுகுதிரிகள் எரிந்துகொண்டிருந்தன. அவ்வேளை நிலம் நடுங்கிற்று. கூரைகள் வழிபட்டோர் தலைமேல் வீழ்ந்தன. தப்பியவர் வெட்டவெளியை நாடி ஆற்றங்கரைக்கு ஓடினர். அங்கே நீர் பின்வாங்கி ஆற்றின் அடித்தரை தெரிந்ததாம். பின்னர் அந்நீர் மலைபோலத் திரும்பி வந்தது. நீர் எட்டாத மேட்டுப் பகுதிகளிலே, கவிழ்ந்த மெழுகுதிரிகளாலும் அடுப்புகளாலும் மூண்ட தீ ஐந்தாறு நாட்கள் எரிந்தது. இறந்தோர் தொகையை 30,000 முதல் 60,000 வரை பலவாறு மதிப்பிடுகின்றனர்.

இதனை வழிகாட்டிப் பெண் ஆங்கிலத்திலே விவரித்துக் கொண்டிருந்தாள். கூட நின்ற வெள்ளைக்காரர் ஆவென்று வாய்திறந்து கேட்டனர். நீர் பின்வாங்கிற்று, மக்கள் நின்று பார்த்தனர் என்று அவள் கூறிய இடத்திலே நாம் அவளைவிட்டு விலகி ஆற்றைப் பார்த்தபடி நின்றோம். 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 இலே எம் தீவின் கரைகளிலே 30,000 இற்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டதும் இவ்வாறன்றோ? வடமராட்சி கிழக்கிலே எம்மிடம் படித்த பிள்ளைகளின் வீடுகள் இருந்த மணலை அன்று மாலை நாம் கண்டோம். மருமகன் அந்நாளிற் கைக்குழந்தை. அவனுக்கு அது செய்தி; எமக்கு அவ்வாறன்று.

அரசன் முதலாம் ஜோசே அன்று நகருக்கு வெளியே பெலேமில் இருந்தமையால் உயிர் தப்பினான். தப்பினும் அச்சம் நீங்கவில்லை. கற்சுவருக்குள்ளே உறங்க அவன் அதன்பின் உடன்படவில்லையாம். அஜுடா மேட்டிலே மரத்தாற் கட்டிய பெருங்கூடாரத்திலேயே அரசவை நடந்தது. ஆட்சிப்பாரம் முழுவதும் பின்னாளிற் பொம்பால் பிரபு என்று பெயர்பெற்ற அமைச்சரின் தோளில் வீழ்ந்தது. அவர் கொள்ளையடித்தோரைத் தூக்கிலிட்டார். தானிய விலையை ஏறவிடாது கட்டுப்படுத்தினார். மனிதரிடம் அன்பு மிகுந்தவரல்லர். ஆயினும் ஒரு செயலுக்காக ஆசிரியத் தொழில் புரிவோர் அவரை வணங்கலாம். நாட்டின் கோயிற்பற்றுகள் யாவற்றுக்கும் அவர் ஒரு வினாத்தாள் அனுப்பினார். அதிர்ச்சி எவ்வளவு நேரம் நீடித்தது? எத்திசையிலிருந்து வந்தது போலத் தோன்றிற்று? கடல் முதலில் ஏறிற்றா, இறங்கிற்றா? எத்தனை பேர் இறந்தனர்? யாருடைய பாவத்தால் இது நேர்ந்தது என்ற வினா அதில் இல்லை. இது தெய்வத்தின் சினமே என்று நூலெழுதிய மலக்ரீடா என்னும் யேசுசபைக் குருவானவர் 1761 இலே கொல்லப்பட்டமையும் இதே ஆட்சியில்தான். பூகம்ப ஆராய்ச்சி என்னும் விஞ்ஞானத்தின் தொடக்கத்தை அறிஞர் பலர் அந்த வினாத்தாளிலே காண்கின்றனர்.

புதிய வீதிகளை வகுத்தவர்கள் படைப் பொறியியலாளர்கள். அவர்களுள் முதல்வரான மனுவேல் த மாயா அப்போது எண்பது வயதை எட்டியவர். சுவருக்குள்ளே மரச்சட்டங்களைக் குறுக்கும் மறுக்குமாகப் பிணைத்து, கூடு போன்ற ஒரு சட்டகம் அமைத்தனர். 'கூண்டு' என்றே அதற்குப் பெயர். அதன் மாதிரியைச் சுற்றிப் போர்வீரரை அணிவகுத்து நடக்கச் செய்து, அந்த அதிர்வைத் தாங்குகின்றதா என்று பார்த்தனராம்.

ஆற்றங்கரையில் மூன்று பக்கமும் மஞ்சள் நிற மண்டபங்கள் சூழ, நான்காம் பக்கம் நீரை நோக்கித் திறந்திருக்கும் பெருஞ் சதுக்கம் ஒன்றுண்டு. இன்று வர்த்தகச் சதுக்கம் என்பது அதன் பெயர். நகரத்தவர் இன்றும் அரண்மனை முற்றம் என்ற பழைய பெயரையே வழங்குகின்றனர். அரண்மனைதான் இல்லை. 1755 இல் அழிந்த அவ்வரண்மனையோடு 70,000 நூல்கள் கொண்ட அரச நூலகமும் எரிந்து போயிற்று. கீழைத்தேசக் கப்பல்களின் கணக்குகளைப் பேணிய இந்திய இல்லமும், அதன் ஏடுகளும் ஒழிந்தன. எம் தேசத்துச் செய்திகள் எத்தனை அவற்றுள் இருந்தனவோ! நூலகம் எரிந்ததைப் பற்றி யாழ்ப்பாணத்தவன் ஒருவனுக்கு எவரும் விளக்கவேண்டுவதில்லை. 1981 ஆம் ஆண்டை அவன் அறிவான்.

இம்முற்றத்தைப் பற்றி மற்றொன்றும் நினைவுக்கு வந்தது. 1580 முதல் 1640 வரை போர்த்துக்கல்லை ஸ்பானிய மன்னரே ஆண்டனர். அவர்களுள் ஒருவனாகிய பிலிப்பு, மட்ரிட்டிலிருந்து தன் போர்த்துக்கேயத் தலைநகரைப் பார்க்க வந்தான். தொழிற்சங்கத்தார் தோரணங்கள் எழுப்பினர்; ஆறு முழுவதும் அலங்கரித்த படகுகள்; இம்முற்றத்திலேதான் அவன் கரையிறங்கினான். அந்த ஆண்டு 1619. அதே ஆண்டிலேதான் யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னன் பிலிப்பு ஒலிவேராவின் படையிடம் தோற்றுச் சிறைப்பட்டுக் கோவைக்குக் கொண்டுசெல்லப்பட்டான். இங்கே தோரணம் கட்டியவர்களில் எவருக்கேனும் நல்லூர் என்ற பெயர் தெரிந்திருக்குமா என்பது ஐயமே.

குன்றுகளின்மேல்

பாய்ஷாவின் கிழக்கே கோட்டைக் குன்று. மேற்கே ஷியாடோவும், மேலூர் என்று பொருள்படும் பைரோ அல்தோவும். மேற்குக் குன்றிலுள்ள கார்மோ மடத்துக் கோயில், பூகம்பத்திற் கூரை இழந்தபடியே இன்றும் நிற்கின்றது. வளைவுகள் வெறும் விலாவெலும்புகளாய் வானைத் தாங்க, தரையிலே புல் முளைத்துள்ளது. அதன் முன்னுள்ள சிறிய சதுக்கத்திலேதான், 1974 ஆம் ஆண்டு சித்திரை 25 ஆந் திகதி, நாற்பதாண்டுக்கு மேலாக நடந்த சர்வாதிகாரம் முடிவுற்றது. படைவீரர் துப்பாக்கிகளின் வாயிலே மக்கள் கார்னேஷன் மலர்களைச் செருகினர். ஆற்றின் குறுக்கே 1966 இலே திறந்த பெருந்தொங்கு பாலம், அதுவரை சலசார் என்னும் சர்வாதிகாரியின் பெயரைத் தாங்கியிருந்தது. இப்போது அதன் பெயர் ஏப்ரல் 25 பாலம்.

ஷியாடோவிலே 1732 இல் தொடங்கிய புத்தகக்கடை ஒன்று இன்றும் வியாபாரம் நடத்துகின்றது. உலகில் இதுவே மிகப் பழையது என்பர். உள்ளே நுழைந்த எம்மை மருமகன் வெளியே இழுத்துவர அரை மணி நேரமாயிற்று. செங்குத்தான சரிவுகளிலே கயிற்றால் இழுபடும் சிறு வண்டிகள் சிலவும் உள்ளன. 1885 இல் அமைந்த குளோரியா வண்டியில் நாம் வேடிக்கையாக ஏறி இறங்கினோம். அதே வண்டி 2025 செப்டெம்பர் 3 ஆந் திகதி கயிறு அறுந்து சரிவிலே பாய்ந்து 16 உயிர்களைக் கொண்டது. அச்செய்தியைப் பத்திரிகையிலே கண்ட அன்று, அவ்வண்டியின் மரவாங்கு எம் கைக்கு இன்னும் தட்டுப்படுவது போலிருந்தது.

மறுநாட் காலை கிழக்குக் குன்றில் ஏறினோம். 28 ஆம் இலக்க டிராம் வண்டி, சுவரைக் கையாற் தொடலாம் என்னும் அளவு ஒடுங்கிய சந்துகளினூடே கிறீச்சிட்டுக்கொண்டு ஏறுகின்றது. அல்பாமா என்னும் இப்பகுதி பூகம்பத்திற்குப் பெரிதும் தப்பிப் பிழைத்தது. பெயரே அரபுச் சொல். வெந்நீரூற்று என்பது பொருள். எட்டாம் நூற்றாண்டு முதல் முஸ்லிம்கள் வசமிருந்த இந்நகரை, 1147 ஆம் ஆண்டு அபோன்சோ என்ற அரசன், சிலுவைப்போருக்குச் செல்லும் வழியிலே கரைதட்டிய ஆங்கிலேயர், பிளெமிஷ்காரர், ஜேர்மானியர் ஆகியோரின் துணையோடு முற்றுகையிட்டுக் கைப்பற்றினான். பள்ளிவாசல் இருந்த இடத்திலே பேராலயம் எழுந்தது. தோற்றவர்க்குக் கோட்டைச் சுவருக்கு வெளியே குன்றின் நிழலிலே ஒரு பகுதியை ஒதுக்கினர். அதுவே மொராரியா, மூர்களின் சேரி.

ஒருவர் கோயிலை இடித்து மற்றொருவர் கோயில் கட்டும் வழக்கத்தை இவர்கள் எங்கள் நாட்டுக்கு வந்து கற்றுக்கொள்ளவில்லை, வீட்டிலேயே பழகியிருந்தனர் என்பது அப்பேராலயத்தின் படிகளிலே அமர்ந்திருந்தபோது எமக்குத் தோன்றிற்று.

மொராரியா இன்று வங்காளதேசத்தவர், நேபாளியர், பாகிஸ்தானியர், இந்தியர் எனப் பலர் கடை வைத்திருக்கும் இடம். கறிவேப்பிலையின் மணம் எம்மை ஒரு கடைக்கு இழுத்துச் சென்றது. நகரின் வடபாலிலே இந்துக்கோயில் ஒன்றும் உண்டு என்று அக்கடைக்காரர் கூறினார். மொசாம்பிக் நாட்டிற் குடியேறியிருந்து, 1975 இலே அந்நாடு விடுதலை பெற்றதையொட்டி லிஸ்பனுக்குப் பெயர்ந்த குஜராத்தியர் கட்டிய இராதாகிருஷ்ணர் கோயில் அது. அன்று மாலை சென்று வணங்கினோம். ஆரத்தி எடுத்த பின் கற்கண்டு தந்தார்கள்.

அன்று பிற்பகல் கண்ட ஒன்றை மட்டும் சற்று விரித்துக் கூறவேண்டும். சுவரோடுகளுக்கு இந்நாடு பெயர் பெற்றது. நீலமும் வெள்ளையுமாய்ச் சித்திரந் தீட்டிய அவ்வோடுகளை வீட்டு முகப்பிலும் கோயிலிலும் புகையிரத நிலையத்திலும் காணலாம். அவற்றுக்கென்றே பழைய கன்னியர் மடமொன்றில் நூதனசாலை அமைத்துள்ளனர். அங்கே 23 மீற்றர் நீளமான ஒரு சுவரோட்டுச் சித்திரம் உள்ளது. 1700 ஆம் ஆண்டளவில் ஆக்கியது. ஆற்றிலிருந்து நோக்குவது போல லிஸ்பன் நகரம் முழுவதையும், அரண்மனை, கோயில்கள், கப்பல்துறை, மாடங்கள் என ஒவ்வொன்றாய்த் தீட்டியிருக்கின்றனர். 1755 இல் அழிந்த நகரம் இந்த ஓடுகளிலே உயிரோடிருக்கின்றது. நாம் அதன் முன்னே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்ல நடந்தோம். எம் மனத்தில் இருந்தவர்கள் மூன்று தமிழர்.

மூன்று தமிழரும் ஒரு நூலும்

வின்சென்டே த நசரே, ஜோர்ஜ் கர்வாலோ, தோமே த குரூஸ் என்பன அவர்களுடைய பெயர்கள், ஞானஸ்நானப் பெயர்கள். அவர்களைப் பெற்றோர் இட்ட பெயர் எமக்குக் கிடைக்கவில்லை. பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே, கடல் கடந்து இந்நகரத்தில் வந்திருந்தனர். மூன்றாம் ஜோன் மன்னனின் ஆணைப்படி, கிறித்தவ சமயத்தின் அடிப்படைச் செபங்களைத் தமிழிலே பெயர்த்துத் தந்தவர்கள் இவர்களே. அந்நூலை 1554 ஆம் ஆண்டு பெப்ரவரி 11 ஆந் திகதி ஜெர்மாவோ கல்ஹார்டே என்ற அச்சகத்தார் இந்நகரிலே அச்சிட்டு முடித்தார். தமிழெழுத்து அச்சு அப்போது உலகில் இல்லை. ஆகவே தமிழ்ச் சொற்களை உரோம எழுத்திலே கோத்து, போர்த்துக்கேயப் பொருளை வரிக்கு வரி இட்டனர். தமிழெழுத்திலே முதல் நூல் கொல்லத்தில் அச்சேற 1578 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அச்சு யந்திரத்தைத் தமிழ் மொழி முதன்முதலிற் கண்டது மதுரையிலன்று, யாழ்ப்பாணத்திலுமன்று, தேஜோ நதிக்கரையிலே.

இந்நூலைப் பற்றித் தமிழுலகம் அறியச் செய்தவர்களுள் எம் ஊர்காவற்றுறை தந்த தனிநாயகம் அடிகளார் முதன்மையானவர். 1958 இலேயே 'தமிழ்க் கலாசாரம்' என்னும் தம் ஆங்கிலச் சஞ்சிகையிலே முதல் தமிழ் அச்சு நூல்களைப் பற்றி எழுதினார். 1679 ஆம் ஆண்டுத் தமிழ்-போர்த்துக்கேய அகராதியை 1966 இலே மலாயாவில் மீண்டும் பதிப்பித்தவரும் அவரே.

அந்த மூவர் நடந்த வீதிகள் இன்றில்லை. அவர்கள் கண்ட அரண்மனை இல்லை. அச்சுக்கூடம் எங்கிருந்ததென்று காட்ட ஒரு கல்லுமில்லை. பெப்ரவரி மாதத்துக் குளிரிலே, எம் மொழியின் ஒலிகளை அந்நியன் ஒருவனுக்கு மீண்டும் மீண்டும் சொல்லிக்கொடுத்து, ழகரத்துக்கும் ளகரத்துக்கும் எந்த எழுத்தை இடுவது என்று அவர்கள் எத்தனை நாள் திண்டாடியிருப்பர்! மொழி கற்பிக்கும் எமக்கு அவர்கள்மேல் ஒரு தொழிலுறவு தோன்றிற்று. அவர்கள் செய்த காரியத்தின் நோக்கம் எம் சமயத்தவர்க்கு உவப்பானதன்று; அது வேறு. ஓட்டுச் சித்திரத்திலே ஆற்றங்கரைச் சந்தையொன்றில் மிகச் சிறிய மனிதர் சிலர் நின்றனர். அவர்களுள் மூவரை நாமே தெரிந்தெடுத்துக்கொண்டோம்.

பெலேம்

மூன்றாம் நாட் காலை பெலேமுக்குச் சென்றோம். ஆற்றோரமாக மேற்கே சில மைல் தூரம். டிராம் வண்டியிலே அரை மணி நேரம். 1497 ஆம் ஆண்டு யூலை 8 ஆந் திகதி வாஸ்கோ த காமா நான்கு கப்பல்களோடு புறப்பட்ட துறை இதுவே. அவன் கள்ளிக்கோட்டையை அடைந்து திரும்பிய பின், மிளகும் கறுவாவும் இந்நகரை ஐரோப்பாவின் செல்வக் களஞ்சியமாக்கின.

அச்செல்வத்தின் உருவம் ஜெரோனிமோஸ் மடாலயம். மனுவேல் மன்னன் 1501 அளவிலே தொடங்கிய இக்கட்டடத்துக்கு, ஆபிரிக்க, கீழைத்தேச வாணிகத்தின் வருவாயில் நூற்றுக்கு ஐந்து வீதம் வரியாகச் சென்றது. வெண்மையும் பொன்மையும் கலந்த சுண்ணக்கல். உள்ளே தூண்கள் தென்னைகள் போல் உயர்ந்து, கூரையிலே ஓலை விரிப்பது போலக் கிளைக்கின்றன. கல்லிலே கப்பற் கயிறு, முடிச்சு, கடற்பாசி, விசித்திர விலங்கு யாவும் செதுக்கியுள்ளனர். பூகம்பம் இதனைப் பெரிதாகத் தீண்டவில்லை. சிற்பத்தின் அழகை மறைத்துப் பேசுதல் எம்மால் இயலாது. தஞ்சையையும் மதுரையையும் கண்ட கண்ணுக்கும் இது விருந்தே.

வாயிலின் இரு மருங்கும் இரண்டு கல்லறைகள். ஒன்று காமாவினது. அவன் 1524 இலே கொச்சியில் இறந்தவன். மற்றது கமோயிஸ் என்னும் பெருங்கவிஞனது. காமாவின் பயணத்தைப் பாடி 1572 இலே அவன் வெளியிட்ட காப்பியத்தின் முதற்செய்யுளிலேயே எம் தீவு தப்ரபேன் என்ற பழம்பெயரோடு வருகின்றது. அவனுடைய எலும்புகளைப் பூகம்பம் கலைத்துவிட்டமையால், இக்கல்லறையில் உள்ளவை அவனுடையவைதாமா என்பதில் அறிஞருக்கு ஐயம்.

காமாவின் கல்லறைமீது கைகூப்பிப் படுத்திருக்கும் சலவைக்கல் உருவத்தை நாம் பார்த்துக்கொண்டிருந்தபோது மருமகன் மெல்லக் கேட்டான்: "மாமா, உங்களுக்குக் கோபம் வரவில்லையா? நல்லூர்க் கோயிலை இடித்தவர்கள் இவர்கள்தானே?"

வந்தது என்றோம். முதல் நாள் அரண்மனை முற்றத்திலே நன்றாக வந்தது. 1621 இலே ஒலிவேரா நல்லூர்க் கந்தன் கோயிலைத் தரைமட்டமாக்கினான்; ஒல்லாந்தர் காலத்திலேயே அது மீண்டெழ முடிந்தது. இப்போது இக்கல்லின் முன்னே என்ன தோன்றுகின்றது என்று எமக்கே தெளிவாகவில்லை. அதனையும் அவனிடம் ஒளிக்கவில்லை. "இதைக் கட்டிய காசில் எங்கள் காசும் இருக்கிறதா?" என்று அடுத்தபடி கேட்டான். யாழ்ப்பாணம் வீழுமுன்னரே இது பெரும்பாலும் கட்டி முடிந்துவிட்டது; ஆனால் கோட்டை அரசனின் கறுவா இருக்கும் என்றோம். அந்தக் கோட்டை அரசனாகிய புவனேகபாகு, தன் பேரன் தர்மபாலனின் பொன்னுருவத்தை 1542 இலே தூதுவர் கையில் இந்நகருக்கே அனுப்பினான். மூன்றாம் ஜோன் மன்னன் அப்பொம்மைக்கு முடிசூட்டி வைத்தான். அக்காட்சியைச் செதுக்கிய இலங்கைத் தந்தப் பேழை இப்போது ஜேர்மனியிலே மியூனிக் நகரில் உள்ளது. பொம்மைக்கு முடிசூட்டிய கதையைக் கேட்டு அவன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

ஆற்றுக்குள்ளே சதுரங்கக் காய் போல நிற்கும் பெலேம் கோபுரத்தையும் வெளியில் நின்று பார்த்தோம். அதன் அடிப்புறத்திலே காண்டாமிருகத் தலையொன்றைச் செதுக்கியுள்ளனர். குஜராத்துச் சுல்தான் அனுப்பிய காண்டாமிருகம் 1515 இலே இக்கரையில் இறங்கியபோது நகரமே திரண்டு வந்ததாம். ஐந்நூறு ஆண்டு மழையிலும் உப்புக்காற்றிலும் தேய்ந்து, அது இன்று உருளைக்கிழங்கு போலிருக்கின்றது என்றான் மருமகன். மறுப்பதற்கில்லை.

மீண்டும் மடாலயத்தண்டை வந்தோம். அதன் மேற்குச் சிறகிலேதான் தேசியத் தொல்பொருள் நூதனசாலை உள்ளது. 1554 ஆம் ஆண்டுத் தமிழ் நூலின் பிரதி அந்நூதனசாலைக்கு உரியது. மூன்று நாட்களாக நாம் ஒத்திவைத்திருந்த ஆசை. வாயிலை அணுகினோம். கதவு பூட்டியிருந்தது. பெரும் புனரமைப்பு வேலைக்காக 2022 முதல் மூடியிருப்பதாக அறிவித்தல் ஒன்று தொங்கிற்று. பாரிசிலே புறப்படுமுன் விசாரித்தறிந்திருக்கலாம். புறப்படும் பரபரப்பில் ஆசிரியராகிய நாமே பாடத்தைப் படிக்காது பரீட்சைக்கு வந்துவிட்டோம்.

மருமகன் எம்மிலும் வருந்தினான். கதவண்டை நின்ற காவலாளரிடம் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் கலந்து ஏதேதோ கூறி, எம்மைச் சுட்டிக்காட்டி, "தாமுல், தாமுல்" என்றான். நூலின் தலைப்பிலே எம் மொழியின் பெயர் அவ்வாறே அமைந்துள்ளதென்று முதல்நாள் நாமே அவனுக்குச் சொல்லியிருந்தோம். அவர் தலையசைத்து, எம் தோளை மெல்லத் தட்டி, இன்னொருமுறை வருமாறு சைகை செய்தார்.

கல் வாங்கொன்றில் அமர்ந்து, அருகே 1837 முதல் பெயர்பெற்ற கடையிலே வாங்கிய சூடான பாற்பணியாரத்தைப் பிட்டபோது தொலைபேசி ஒலித்தது. லிஸ்பனிலே நண்பகல் பன்னிரண்டரை. இலங்கையில் மாலை ஐந்து மணி. நல்லூர்த் திருவிழா நாட்கள் அவை. எம் இல்லாள் கோயில் வீதியிலிருந்து பேசினாள். நாதசுரமும் மணியோசையும் அவள் குரலை விழுங்கின.

"இஞ்சாருங்கோ, கேக்குதே? அந்தப் புத்தகத்தைப் பாத்தியளே?"

"கதவைத்தான் பார்த்தோம்" என்றோம்.

அவளுக்கு அது கேட்கவில்லை. சுவாமி வெளிவீதி வந்துவிட்டார் என்று கூறித் தொலைபேசியை உயர்த்திப் பிடித்தாள். மருமகன் பாதிப் பணியாரத்தைக் கையிலே வைத்தபடி, பூட்டிய கதவுக்கு எதிரே எம்மோடு அமர்ந்து, மேளச் சமாவை இறுதி வரை கேட்டுக்கொண்டிருந்தான்.